ழகரத்தில் மாட்டிய சாவி

அப்பா பெயரில் இருக்கும் வீட்டுப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து சிங்கப்பூரில் இருக்கும் அக்காவுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மெயிலில் அப்படியே போட மனம் வரவில்லை. கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் செவன்-ஜிப் என்ற மென்பொருளில் ஒன்றாகக் கட்டிக் கடவுச்சொல் போட்டேன். கோப்புப் பெயர்களை மறைக்கும் கட்டத்தையும் டிக் செய்தேன். இல்லாவிட்டால் உள்ளே பூட்டியிருந்தாலும் 'பட்டா' என்ற பெயர் வெளியே பல்லிளிக்கும்.

பூட்டு ஏஇஎஸ்-256 என்ற மறையாக்க முறை. பெல்ஜியத்தின் யோஆன் டாமன், வின்சென்ட் ரெய்மன் இருவரும் உருவாக்கியது. 2001-இல் அமெரிக்க அரசு தரமாக ஏற்றது. கோப்பைப் பதினாறு பதினாறு பைட்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் சாவியோடு சேர்த்து 14 சுற்று கலக்கும். திறக்கும்போது அதே சாவியை வைத்துச் சுற்றுகளைப் பின்னாலிருந்து அவிழ்க்கும். அதில் எனக்குக் கவலையே இல்லை. அந்த ஒரே சாவியை அக்காவிடம் எப்படிச் சேர்ப்பது என்பதுதான் தலைவலி.

முதலில் மடத்தனமாக அதே மெயிலின் கீழே கடவுச்சொல்லையும் டைப் செய்துவிட்டேன். அனுப்பப் போகும்போதுதான் உறைத்தது: பூட்டைப் போட்டுச் சாவியை அதிலேயே தொங்கவிடுகிறேன். அழித்துவிட்டு, போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று வெறும் கோப்பை மட்டும் அனுப்பினேன். இ-ஆதார் பிடிஎஃப்புக்கு இருப்பதுபோலப் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும் வைத்திருக்கலாம்தான். ஆனால் எங்கள் சொந்தக்காரர்களுக்கு அதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும்.

நான் வைத்தது பாட்டி வீட்டுச் சொற்கள் ஐந்து, ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல். போனில் சொன்னதும் அக்காவுக்குச் சிரிப்பு. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

"தப்புன்னு சொல்லுதுடா."

மூன்று தடவை முயன்றாள். கோப்புதான் கெட்டுவிட்டதோ என்று எனக்கே சந்தேகம். கடைசியில் எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னேன். ழகரத்துக்கு நான் இசட்-எச் போட்டிருக்கிறேன், அவள் வெறும் எல்!

"ஒரு எழுத்துக்கா இந்தப் பாடு?"

செவன்-ஜிப் கடவுச்சொல்லை 5,24,288 சுற்று அரைத்துத்தான் சாவி எடுக்கிறது. ஓரெழுத்து பிசகினால் சற்றே தப்பான சாவி வராது, சம்பந்தமே இல்லாத வேறொன்று வரும். அதை விளக்க ஆரம்பித்தேன். அவள் காதில் வாங்கவில்லை.

"திறந்துடுச்சு. டேய், பட்டாவைத் தலைகீழா ஸ்கேன் பண்ணியிருக்கே."