உணவுக்கூடத்துத் தட்டு

இன்று பள்ளி உணவுக்கூடத்தில் சூப் ஊற்றிய பணியாளர் அம்மா, என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் அரைக் கரண்டி சேர்த்து ஊற்றினார்.

கடற்பாசி சூப்.

கொரியர்கள் பிறந்தநாளன்று குடிப்பதும், பிள்ளை பெற்ற தாய்க்கு வாரக்கணக்கில் கொடுப்பதும் இந்த மியொக்குக்தான்.

சோறு இடப்புறம், சூப் வலப்புறம், மேல்வரிசையில் கிம்ச்சியும் (காரமிட்டுப் புளிக்கவைத்த காய்கறி) தொடுகறிகளும். தென்கொரியாவுக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்த நான் கொரியச் சமையலை அறிந்துகொண்டது உணவகங்களில் அல்ல, இந்த எவர்சில்வர் தட்டின் குழிகளில்தான்.

மாதாந்திர உணவுப் பட்டியலில் ஒவ்வொரு பண்டத்தின் அருகிலும் ஒவ்வாமை எண்கள் இருக்கும்: 1 முட்டை, 2 பால், 9 இறால், 10 பன்றி இறைச்சி. கொரிய மொழி படிக்கத் தெரியாத காலத்தில் எனக்கு அந்த எண்களே துணை.

இந்தத் தட்டுக்காக ஒரு மேயரே பதவி இழந்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. இலவச உணவு எல்லாப் பிள்ளைகளுக்குமா, வருமானத்தில் கீழ்ப்பாதியினருக்கு மட்டுமா என்று 2011 ஆகஸ்டில் சியோலில் வாக்கெடுப்பு நடந்தது; மூன்றில் ஒரு பங்கினர்கூட வாக்களிக்காததால் பெட்டிகளே திறக்கப்படவில்லை, எல்லோருக்கும் என்பதை எதிர்த்த மேயர் ஓ சே-ஹூன் விலகினார்.

2021இல் அவர் மீண்டும் மேயராக வந்தபோது, நகரில் உயர்நிலைப் பள்ளி வரை மதிய உணவு இலவசமாகியிருந்தது.