காதுக்கு ஒத்துக்கொண்ட கொக்கி

கவரிங் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் போதும், டெரகோட்டா போடு, பட்டுநூல் ஜிமிக்கி போடு என்று ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். நான் போட்டதே அதுதான். அப்படியும் காது மடல் அரித்து, சிவந்து, நீர் வடிந்தது. ஜிமிக்கி என்னவோ மண்தான். ஆனால் காது ஓட்டைக்குள் போகிற கொக்கி? கைவினை நகை செய்பவர்களில் பலர் மணியையும் குடையையும்தான் கையால் செய்கிறார்கள். கொக்கி, வளையம், திருகாணி எல்லாம் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கி மாட்டுவது. அந்த உலோகத்தில் கலந்திருந்த நிக்கல்தான் என் காதுக்கு ஆகவில்லை.

இது சட்டென்று பிடிபடாததற்குக் காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஏரிப் பக்கம் விதைமணித் தோடு வாங்கி அங்கேயே மாட்டிக்கொண்டேன். குளிரில் ஒன்றும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை சேலத்தில் காது தடித்தது. புது ஷாம்பூ, போர் தண்ணி, முந்தின நாள் கத்திரிக்காய் என்று வீட்டில் பழி எதன் மேலோ விழுந்தது. நிக்கல் அலர்ஜி இப்படித்தான், ஓரிரு நாள் கழித்துத் தலைகாட்டும். வியர்வை நிக்கலைக் கரைத்துத் தோலுக்குள் அனுப்பும் என்பதால் நம்மூர் வெயிலில் இன்னும் மோசம்.

தோல் மருத்துவர் பேட்ச் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். ஊசி கிடையாது. சின்னச் சின்ன வட்டக் கிண்ணங்களில் அலர்ஜி தரக்கூடிய பொருள் ஒவ்வொன்றையும் வைத்து, பிளாஸ்திரியோடு முதுகில் ஒட்டிவிடுவார்கள். 48 மணி நேரம் முதுகு நனையக் கூடாது, வியர்க்கவும் கூடாது. சேலத்தில் இதைக் கோடையில் செய்வது தண்டனை. முடிந்தால் மார்கழி, தையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையோ களிம்போ பயன்படுத்துபவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், முடிவு மாறிவிடும். பிளாஸ்திரியை எடுத்ததும் ஒரு தடவை பார்ப்பார்கள், ஓரிரு நாள் கழித்து இன்னொரு தடவை. அந்த இரண்டாவது பார்வையைத் தவறவிடாதீர்கள், சிலருக்கு அப்போதுதான் தெரியும். எனக்கு நிக்கல் வைத்த இடம் மட்டும் காசு அளவுக்குச் சிவந்து, பொடிப்பொடியாக நீர்க்கொப்புளம். ஒருமுறை வந்தால் இது போகாது, தொடாமல் இருப்பதுதான் வழி என்றார் டாக்டர்.

எதில் நிக்கல் இருக்கிறது என்று பார்க்க டைமெத்தில்கிளையாக்சைம் கரைசல் விற்கிறார்கள். பஞ்சில் சொட்டுவிட்டு நகையில் தேய்த்தால், நிக்கல் கசிகிற நகை பஞ்சை இளஞ்சிவப்பாக்கும். ஆசையாக வைத்திருந்த டெரகோட்டா செட்டில் குடையைத் தேய்த்தேன், பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. கொக்கியைத் தேய்த்ததும் ரோஸ். 'ஜெர்மன் சில்வர்' வளையலிலும் அதே ரோஸ். அதில் வெள்ளியே கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். முலாம் புதிதாக இருந்தால் நிறம் மாறாமலும் போகலாம், தேய்ந்த பிறகு இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கொலுசு ஊரில் இருந்துகொண்டு கொக்கிக்கு அலைவானேன்? செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பட்டறைக்குப் போனேன். "அண்ணா, சுத்த வெள்ளியிலேயே போட்டுடுங்க" என்றேன். "சுத்த வெள்ளி வளைஞ்சிரும் கண்ணு, காதுல நிக்காது. நூத்துக்கு 92.5 பங்கு வெள்ளி, மீதிக்குச் செம்பு மட்டும் கலந்து கம்பி இழுத்துத் தரேன்" என்றார். மேலே பாலிஷ் முலாம் வேண்டாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில முலாம்களுக்கு அடியில் பளபளப்புக்காக நிக்கல் பூச்சு கொடுப்பார்கள். தோடு என்றால் தண்டு மட்டும் போதாது, திருகாணியும் அதே வெள்ளியில் இருக்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அவர் பழைய கொக்கியைக் குறடால் வெட்டி எடுத்து, வளையத்தையும் மாற்றி, கம்பி முனையைக் காதைக் கிழிக்காதபடி அரத்தால் உருட்டிக் கொடுத்தார். கூலி சொற்பம்தான்.

காது முழுதாக ஆறும் வரை எதையும் மாட்டவில்லை. மாட்டிய பிறகு வெள்ளி கறுக்கத்தான் செய்கிறது. விபூதி போட்டுத் தேய்த்தால் பளிச். நெயில் பாலிஷ் தடவும் வைத்தியம் கல்யாண வீட்டு அவசரத்துக்குத் தாங்கும், அதற்கு மேல் உரிந்துவிடும்.

இப்போது கண் போவதெல்லாம் நகை அல்லாத இடங்களுக்கு. சேலை ஊக்கு, ஜீன்ஸ் பட்டன், வாட்ச் பக்கிள் என்று எல்லாவற்றிலும் பஞ்சு உருள்கிறது. ஜீன்ஸ் பட்டனுக்கு உள்பக்கம் துணி வைத்துத் தைத்தாகிவிட்டது. அடுத்த மாதம் சித்தி பெண் ரிசப்ஷன். தோடுகளின் தண்டும் திருகாணியும் பட்டறையில் மாறிக்கொண்டிருக்கின்றன. நீள ஆரத்துக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை, உயர்கழுத்து ரவிக்கை தைக்கக் கொடுத்திருக்கிறேன்.