எங்கப்பா சொன்ன மதுரை

மதுரையைச் சுற்றிக்காட்ட எங்கப்பாவைவிட நல்ல கைடு கிடைக்க மாட்டார், அவர் சொல்வதில் எது நிஜம் என்று கேட்காதவரைக்கும். சின்ன வயதில் லீவு விட்டால் போதும், என்னையும் சித்தப்பா பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மகால், காந்தி மியூசியம், தெப்பக்குளம், வழியில் விளக்குத்தூண். எதைக் கேட்டாலும் பதில் வரும். மகாலில் இருந்து மீனாட்சியம்மன் கோயிலுக்குச் சுரங்கம் இருக்கு, ஒரு தடவை அதுக்குள்ள ஆட்டை விட்டுப் பாத்தாங்க, அது அழகர்கோயில்ல போய் வெளிய வந்துச்சு என்பார். அழகர்கோயில் இருபது கிலோமீட்டருக்கு மேல், ஆடு நடுவில் எதைத் தின்றது என்று கேட்கிற புத்தி எங்களில் ஒருத்தனுக்கும் இல்லை.

இந்தப் பொங்கல் லீவில் அதே சுற்றுலாவை என் மகளுக்கு நடத்தப்போவதாக அப்பா அறிவித்தார். அவளுக்கு ஒன்பது வயசு. சென்னையில் வளர்கிறவள், எதைச் சொன்னாலும் "நிஜமா, கதையா?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் அடுத்த வாய் சோறே உள்ளே போகும். எழுபது தாண்டியவருக்கு இது தேவையா என்று அம்மா ஒரு பார்வை பார்த்தார். அப்பா அதற்குள் தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

முதலில் காந்தி மியூசியம். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனைதான் இப்போது மியூசியம், 1959-இல் நேரு வந்து திறந்துவைத்தது. எங்கள் காலத்தில் இதற்குள் சத்தம் போடாமல் நடந்தால் பக்கத்தில் இருக்கும் ராஜாஜி பூங்காவுக்குக் கூட்டிப்போவார்கள் என்று ஒப்பந்தம், அதனால் நான் காந்தியின் வாழ்க்கையை ஓட்டமும் நடையுமாகத்தான் படித்திருக்கிறேன். சுடப்பட்டபோது அவர் கட்டியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அதன் முன்னால் மட்டும் அன்றைக்கும் யாரும் ஓட மாட்டோம், இன்றைக்கும் மகள் அங்கே ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் அப்பா ஆரம்பித்தார். 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி காந்தி மேலமாசி வீதி வீட்டில் சட்டையையும் தலைப்பாகையையும் விட்டுவிட்டு அரைத்துணிக்கு மாறியது ஊரறிந்த சங்கதி. அப்பாவின் பதிப்பில் கூடுதலாக ஓர் ஆள் உண்டு.

"அன்னைக்கு விடியக்காலைல எங்கப்பா பால் வாங்கப் போயிருக்காரு. காந்தி வெளிய வர்றாரு. நேருக்கு நேர் பாத்துட்டாரு!"

மகள் விரல் விட ஆரம்பித்தாள். பூட்டன் பிறந்தது 1918 என்பது வீட்டில் மாட்டியிருக்கும் படத்துக்குக் கீழேயே எழுதியிருக்கிறது, அது வேறு அவளுக்கு ஞாபகம் இருந்து தொலைத்தது.

"மூணு வயசுல தனியாவா தாத்தா பால் வாங்கப் போனாரு?"

"அந்தக் காலத்துப் பிள்ளைக எல்லாம் அப்படித்தான்த்தா," என்றார், கொஞ்சம்கூட அசராமல். எனக்கு நாற்பது வருஷமாகத் தோன்றாத கேள்வி அது.

அடுத்து மகால். திருமலை நாயக்கர் 1636-இல் கட்டியது, இப்போது நாம் பார்ப்பது அதில் கால்வாசிகூட இருக்காது என்கிறார்கள். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கிருந்து பிடுங்க முடிந்ததையெல்லாம் கொண்டுபோய்விட்டார். வாடகை வீட்டைக் காலி பண்ணும்போது ஃபேனையும் கழற்றிக்கொண்டு போகிறவர்களை எனக்குத் தெரியும், இவர் கூரையையும் சேர்த்துக் கழற்றியவர். மிச்சம் இருந்ததை நேப்பியர் என்ற வெள்ளைக்கார கவர்னர் பழுது பார்த்ததால் தப்பித்தது. மிச்சமே இப்படி என்றால் முழுசாக இருந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று முற்றத்தில் போய் நின்றால் இன்னும் கழுத்து வலிக்கிறது.

தூண் ஒவ்வொன்றும் ஓர் ஆள் கட்டிப்பிடிக்கிற சைஸ் இல்லை. நாங்கள் பிள்ளைகளாகக் கைகோத்து ஒரு தூணைச் சுற்றி நிற்போம், எப்பவும் ஒரு கை குறையும், அப்பா வந்து அந்த இடைவெளியை அடைப்பார். கை எட்டுகிற உயரம் வரைக்கும் சாந்து வழுவழுவென்று மின்னுகிறது, தொட்டால் மத்தியான வெயிலிலும் சில்லென்று இருக்கிறது. அதற்கு மேலே பார்த்தால் இன்னார் இன்னாரைக் காதலிக்கிறார் என்று ஆணியால் கீறிய செய்திகள். இதய வடிவம் வேறு, அதைத் துளைக்கிற அம்பு வேறு. சுரண்டியவர்கள் இந்நேரம் வேறு வேறு வீடுகளில் பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள், கீறல் மட்டும் நிலைத்துவிட்டது.

"இந்தப் பளபளப்பு எப்படி வந்துச்சு தெரியுமா? சுண்ணாம்புல முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து பூசுனது," என்றார் அப்பா. இதை மதுரையில் எல்லோரும்தான் சொல்வார்கள்.

"அப்ப மஞ்சக்கருவை என்ன பண்ணாங்க?"

அப்பா ஒரு நொடிதான் யோசித்தார். "இந்த ஊர்ல முட்டைப் புரோட்டாவும் கறிதோசையும் எதனால இவ்வளவு ஃபேமஸுன்னு நெனைச்ச?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

இந்த இடத்தில்தான் அப்பா தன்னுடைய பெரிய கதையை எடுத்தார். மகால் ஒரு காலத்தில் கோர்ட்டாக இருந்ததாம், வரப்புத் தகராறு ஒன்றுக்காக அவரை அவருடைய அப்பா இங்கே கூட்டிவருவாராம், டவாலி பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மண்டபமே அதிருமாம். இதை நான் பையனாக இருந்தபோதே நம்பவில்லை. சுரங்கத்து ஆட்டைக்கூட நம்பினேன், இதை நம்பவில்லை. ராஜா இருந்த இடத்தில் வரப்புத் தகராறா? மகளும் "கதை" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

அப்பாவுக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. மண்டபத்தின் நடுவில் போய் நின்றார். தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, கையை வாயருகே குவித்து, தன் அப்பாவின் பெயரை, அதற்கு முன்னால் அவருடைய அப்பாவின் பெயரையும் சேர்த்து, ஊரோடு, மூன்று தரம் இழுத்துக் கூப்பிட்டார். மேலே இருந்த புறா எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பியது. செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த காலேஜ் பிள்ளைகள் திரும்பினார்கள். எங்கிருந்தோ விசில் ஊதிக்கொண்டு காவலாளி ஓடிவந்து, "ஐயா, பெரியவரு நீங்களே இப்படிப் பண்ணலாமா?" என்றார்.

அந்தச் சந்தடியில் பக்கத்தில் ஒரு கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்த கைடு சிரித்துக்கொண்டே சொன்னார்: "அவரு சொல்றது சரிதான் சார். 1970 வரைக்கும் ஜில்லா கோர்ட்டு இங்கதான நடந்துச்சு."

அப்பா ஒன்றும் பேசவில்லை. என் கையிலிருந்து தொப்பியை வாங்கி மெதுவாகப் போட்டுக்கொண்டார். அந்த மெதுவில் நாற்பது வருஷக் கணக்கு இருந்தது.

அதற்கப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. பத்துத்தூண் சந்துக்கு நடத்தியே கூட்டிப்போனார். ஜவுளிக் கடைகளுக்கு நடுவில் மொட்டையாக நிற்கிற அந்தப் பெரிய கல்தூண்களும் நாயக்கர் அரண்மனையின் மிச்சம்தான். சின்ன வயதில் அம்மா பாவாடைத் துணி பார்க்கும்போது நான் அதில்தான் சாய்ந்து நிற்பேன், ஏதோ ஒரு கடைக்காரர் நட்டுவைத்தது என்றே நினைத்திருந்தேன். மகளிடம் அப்பா இதைச் சொன்னபோது அவள் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. ஒரே ஒரு கைடின் சாட்சியில் தாத்தாவின் மொத்தக் கதைக்கும் ஜாமீன் கிடைத்துவிட்டது.

சாயங்காலம் தெப்பக்குளம். 1645-இல் வெட்டியது. அதைத் தோண்டும்போதுதான் முக்குறுணிப் பிள்ளையார் கிடைத்தார், அவர் இப்போது மீனாட்சியம்மன் கோயிலில் இருக்கிறார், விநாயகர் சதுர்த்திக்கு அவருக்குப் பதினெட்டுப் படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை என்று அப்பா சொல்ல, மகள் "ஒரே கொழுக்கட்டையா!" என்று வாயைப் பிளந்தாளே தவிர, நிஜமா கதையா என்று கேட்கவே இல்லை. (நிஜம்தான்.) குளம் நிறையத் தண்ணீர். நடு மண்டபம் தண்ணீரில் தலைகீழாகத் தெரிந்தது. சுற்றுச்சுவர் ஓரம் மொத்த மதுரையும் வந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தது.

சரி, நம் பங்குக்கும் ஒன்று சொல்வோம் என்று, "அப்பா இதுக்குள்ளதான் கிரிக்கெட் விளையாடுவேன்," என்றேன்.

மகள் தண்ணீரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "கதை."

"நிஜமாத்தான். அப்பல்லாம் வருஷம் பூரா காஞ்சுதான் கெடக்கும். தெப்பத் திருவிழாவுக்கு மட்டும்தான் தண்ணி. ஒரே நேரத்துல நெறைய டீம் ஆடும், எவன் பந்து எவன்கிட்ட போகுதுன்னே தெரியாது. படிக்கட்டுல பட்டா ஃபோர், நடு மண்டபத்துல ஏறிட்டா அவுட்டு." சமீப வருஷங்களில்தான் வைகையிலிருந்து வருகிற பனையூர்க் கால்வாயைச் சரிபண்ணித் தண்ணீர் நிற்கிறது என்பதையெல்லாம் விளக்கினேன். விளக்க விளக்க அவள் முகத்தில் சந்தேகம் கூடிக்கொண்டே போனது.

"தாத்தா, அப்பா சொல்றது நிஜமா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். இவரே சைக்கிளில் வந்து, இந்தக் கரையில் நின்று, பரீட்சை வைத்துக்கொண்டு மட்டையைத் தூக்கிட்டு வந்துட்டியாடா என்று கத்திக் காதைப் பிடித்து இழுத்துப்போனவர். பஜ்ஜியை ஒரு கடி கடித்துவிட்டு, நிதானமாக மென்று, "எனக்கு அப்படி ஒண்ணும் ஞாபகம் இல்லையேத்தா," என்றார்.

வேறு வழியில்லாமல் கடலை வண்டிக்காரரிடம் போனேன். என் வயசுதான் இருக்கும். "அண்ணே, முன்னாடி இதுக்குள்ள கிரிக்கெட் ஆடுவாங்கள்ல?" "ஆடுவாங்களாவா? நானே ஆடியிருக்கேன். ஞாயித்துக்கிழமை கால் வைக்க எடமிருக்காது தம்பி!" என்று அவர் ஆரம்பிக்க, எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ரெண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு ஐம்பது ரூபாயை நீட்டி, "சில்லறை இருக்கட்டும்ணே," என்றேன்.

மகள் கடலையை வாங்கிக்கொண்டு தாத்தாவிடம் ஓடினாள். அவள் ரகசியம் பேசினாலும் நாலு பேருக்குக் கேட்கும்.

"தாத்தா, அப்பா அந்த அங்கிளுக்குக் காசு குடுத்துச் சொல்லவச்சுட்டாங்க."