ரங்கூன் மேலாள் வேடம்: ஒத்திகையில் செய்து பார்த்தவை

காரைக்குடியில் எங்கள் நண்பர் குழு திருவிழா மேடைக்காகத் தயாரித்துவரும் நாடகத்தில் எனக்கு மேலாள் வேடம். ரங்கூன் மொகல் தெருவில் முதலாளியின் வட்டிக்கடையைப் பார்த்துக்கொண்டவர். 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்ததும், லட்சக்கணக்கான இந்தியர்களைப் போல நடந்தே கிளம்பி, கைப்பெட்டியோடு ஊர் வந்து சேர்கிறார். அவர் வந்து நிற்பது முதலாளி வீட்டு முகப்பில். மறுநாள் அந்த வீட்டில் கல்யாணம். கடையும் போயிற்று, கடனுக்கு ஈடாக வந்த நெல்வயல்களும் போயிற்று. அது அவருக்கு மட்டும்தான் தெரியும். முதலாளி வீட்டு ஆச்சி விசாரிக்கிறார். இவ்வளவுதான் காட்சி.

சோகமான காட்சி என்று நினைத்துக் குரலைத் தாழ்த்தி, கண் கலங்கப் பேசிப் பார்த்தேன். ஆச்சியாக நடிப்பவர் ஒத்திகையை நிறுத்திவிட்டார். "அண்ணே, நீங்களே அழுதுட்டா நான் என்னத்தைக் கேக்கறது?" என்றார். எங்கள் இயக்குநர் அதோடு சேர்த்து ஒன்று கேட்டார்: "தம்பி, இந்த ஆளுக்கு இப்ப என்ன வேணும்?"

யோசித்தால் பதில் எளிது. ஆச்சி அந்தப் பெட்டியைத் திறக்கக் கூடாது. கல்யாணம் முடியும்வரை விஷயம் வெளியே வரக் கூடாது. அழுவது அவர் வேலையே இல்லை, மறைப்பதுதான் வேலை. இதை வைத்துக்கொண்டு செய்தபோது கைகளை எங்கே வைப்பது என்ற தொல்லை தானாகத் தீர்ந்தது. ஒரு கை பெட்டியை விட்டு நகரவில்லை. ஆச்சி காபி நீட்டும்போது மறு கையால் வாங்க வேண்டியிருந்தது. அந்தச் சங்கடத்திலேயே விஷயம் முழுக்கத் தெரிந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சொன்னார்கள். ரஷ்ய நாடக ஆசான் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும் (1863–1938) பாத்திரத்துக்கு என்ன உணர்ச்சி என்பதை விட அதற்கு என்ன தேவை என்பதைத்தான் தேடச் சொன்னார். இப்போது என் பிரதியில் ஒவ்வொரு வசனத்துக்குப் பக்கத்திலும் ஒரு வினைச்சொல் எழுதி வைத்திருக்கிறேன்: பேச்சை மாற்று, கல்யாணத்தைப் புகழ், நேரம் வாங்கு.

அப்புறம் உடம்பு. வயசாளி என்றால் கூனலும் கை நடுக்கமும் என்று மேடையில் ஒரு பழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் விருப்பமில்லை. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் முகப்பில் உட்காருவதைக் கவனித்துப் பார்த்தேன். உட்காருவதற்கு முன்பே எந்தத் தூணைப் பிடிப்பது என்று கண் பார்த்து வைத்துவிடுகிறது. வயது தெரிவது அந்த ஒரு நொடித் திட்டத்தில்தான். அதை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒட்டிக்கோ வேட்டியை விட்டுவிட்டு எட்டு முழம் கட்டி ஒத்திகை பார்ப்பதும் உதவியது. அவிழ்ந்துவிடுமோ என்ற கவனம் நடையை மாற்றிவிடுகிறது.

குரலில்தான் நிறைய நேரம் போயிற்று. ஒத்திகை நடப்பது ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்). அங்கே எதைச் சொன்னாலும் கணீரென்று கேட்கும். திறந்த மைதானத்தில் அப்படி இல்லை. தமிழில் வினை கடைசியில் வருவதால், மூச்சு அதற்கு முன்பே தீர்ந்தால் 'வருவேனா', 'வரமாட்டேனா' என்றே கடைசி வரிசைக்குத் தெரியாது. அதனால் வாக்கியத்தின் முதல் பாதியை அடக்கிப் பேசி, மூச்சைக் கடைசிச் சொல்லுக்கு மிச்சம் பிடிக்கப் பழகுகிறேன். கத்துவதை விட இது நன்றாக எட்டுகிறது. மாலையில் கண்மாய்க் கரையில் நண்பரைத் தள்ளி நிற்கவைத்துப் பேசிப் பார்ப்பது நல்ல பயிற்சி.

இன்னொன்று, கேட்பது. இதற்கு நான் போனது வள்ளி திருமணம் பார்க்க. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழியில் புதுக்கோட்டை, காரைக்குடிப் பக்கத் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகம். ராஜபார்ட் (நாயகன் வேடம் கட்டுபவர்) ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் (நாயகி வேடம்) இன்னோர் ஊரிலிருந்து. சேர்ந்து ஒத்திகை கிடையாது. வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் நடக்கும்போது, எதிராளி எங்கே முடிப்பார் என்று முன்கூட்டித் தெரியாததால், காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அந்த நிற்பு எவ்வளவு அழகு! வசனம் மனப்பாடமாக இருக்கிற நாங்கள் அதை இழந்துவிடுகிறோம். ஆகவே ஆச்சியாக நடிப்பவரிடம் கேள்விகளின் வரிசையை ஒவ்வொரு ஒத்திகையிலும் மாற்றிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். இப்போது அவர் முகத்தைப் பார்க்காமல் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. காட்சிக்கு உயிர் வந்திருக்கிறது.

பெட்டியை ஆச்சி திறந்துவிடும் இடம் இன்னும் பாக்கி. அங்கே எனக்கு அரைப் பக்க வசனம் இருக்கிறது. பெட்டி திறந்த பிறகு மறைக்க ஒன்றும் இல்லையே, எதற்கு இவ்வளவு பேச்சு என்று தோன்றுகிறது. அடுத்த ஒத்திகையில் "கல்யாணம் முடியட்டும், ஆச்சி" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிச் செய்து பார்க்க இயக்குநர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.