பேரரசியின் பிதற்றலும் வக்கீலின் கறுப்புக் கோட்டும்

ஜூன் 3, செவ்வாய்

மெக்சிகோ எழுத்தாளர் பெர்னான்டோ தெல் பாஸோ 1987இல் வெளியிட்ட 'பேரரசின் செய்திகள்' நாவலை ஆங்கில மொழிபெயர்ப்பில் தொடங்கியிருக்கிறேன். ஏறக்குறைய 700 பக்கம். மடியில் வைத்துப் படித்தால் கால் மரத்துவிடுகிறது. தலையணையில் சாய்த்து வைத்துப் படிக்கிறேன். எழுதி முடிக்க அவருக்கே பத்தாண்டு பிடித்ததாம். நானும் அவசரப்படுவதாக இல்லை. படிக்கப் படிக்க இங்கே குறித்துக்கொண்டு வருகிறேன்.

வரலாறு தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். 1861 ஜூலையில், உள்நாட்டுப் போரில் கஜானா வற்றிப் போன நிலையில், மெக்சிகோ ஜனாதிபதி பெனிட்டோ ஹுவாரெஸ் வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்திவைத்தார். கடன் வசூலிக்க பிரிட்டன், ஸ்பெயின், பிரான்ஸ் மூன்றும் கப்பல் அனுப்பின. பிரான்ஸின் உள்நோக்கம் புரிந்ததும் மற்ற இரண்டும் 1862 ஏப்ரலில் கழன்றுகொண்டன. பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன் மட்டும் தங்கி, நாட்டைப் பிடித்து, அதற்கு ஒரு ராஜாவையும் தேடிக் கொடுத்தார். ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் தம்பி மாக்ஸிமிலியன், வயது 31. மனைவி பெல்ஜிய மன்னரின் மகள் கார்லோட்டா, வயது 23. படை நடத்திய செலவுக்காகப் புதிய பேரரசு பிரான்ஸுக்கு 27 கோடி பிராங்க் தர வேண்டும் என்று ஒப்பந்தம். தன்னைப் பிடித்தவனுக்கு நாடே கூலி கொடுக்க வேண்டும்! 1867இல் ஹுவாரெஸின் குடியரசுப் படை அவனைப் பிடித்துச் சுட்டுவிட்டது. உதவி கேட்டு ஐரோப்பாவுக்குப் போன இடத்தில் அவளுக்கு மனம் பேதலித்தது. அவன் இறந்த பிறகு ஏறத்தாழ 60 ஆண்டு அப்படியே வாழ்ந்து 1927 ஜனவரியில் இறந்தாள்.

நாவல் அந்தக் கிழவியின் வாயிலிருந்து தொடங்குகிறது.

ஜூன் 5, வியாழன்

ஒற்றைப்படை அத்தியாயங்கள் எல்லாம் கார்லோட்டாவுக்கு. பெல்ஜியத்தில் ஒரு கோட்டை, 86 வயது, எதிரே யாரும் இல்லை. செத்துப்போன கணவனிடம் பேசுகிறாள். கெஞ்சுகிறாள், ஏசுகிறாள், கொஞ்சுகிறாள், வாய் கூசாமல் பொய் சொல்கிறாள். ஒரு வாக்கியத்தில் ஏறிவிட்டால் நிறுத்தமே இல்லாத பஸ்ஸில் ஏறியதைப் போலத்தான். அவள் இறக்கிவிடும் இடத்தில் இறங்க வேண்டும்.

முதல் பக்கங்களிலேயே ஒரு குறும்பு. தன்னை மெக்சிகோவுக்குத் திரும்ப அழைத்துப்போக அமெரிக்க விமானி லிண்ட்பெர்க் அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் பறந்து வந்துகொண்டிருப்பதாகச் சொல்கிறாள். லிண்ட்பெர்க் பறந்தது 1927 மே மாதம். அவள் ஜனவரியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். இவ்வளவு ஆவணங்களைத் தின்று செரித்த ஆசிரியர் தேதியில் சறுக்கியிருப்பார் என்று நான் நம்பவில்லை. பைத்தியத்துக்கு எல்லாக் காலமும் ஒரே காலம். அந்த உரிமையை வைத்துக்கொண்டு அவள் 20ஆம் நூற்றாண்டு முழுவதையும் கணவனின் முகத்தில் விட்டெறிகிறாள். நீ 1867லேயே செத்தாய், உனக்கு எதுவும் தெரியாது, நான் எல்லாவற்றையும் பார்த்தேன் என்கிறாள். நவீன காலத்தைப் பார்க்காமல் செத்தவனுக்கும், அதைக் கோட்டைச் சுவருக்குள் இருந்தபடி கேள்விப்பட்டவளுக்கும் நடக்கும் குடும்பச் சண்டை இது. வரலாற்று நாவலில் காலத்தை இப்படிக் கலைத்துப் போட முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். புத்தகத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வில்லன் யார் தம்பி?" என்றார்.

"மூன்றாம் நெப்போலியன், அண்ணாச்சி."

"அவன் தீவிலே செத்துப் போனானே?"

"அது பெரியப்பா. இது தம்பி மகன்."

"சரி, போர் எத்தனை பக்கம் வருகிறது?"

நானும் அவரும் ஒரே வாரப் பத்திரிகைகளின் சரித்திரத் தொடர்களைப் படித்து வளர்ந்தவர்கள். குதிரை, நிலா, சுரங்கப்பாதை, மாறுவேடத்தில் ஓர் ஒற்றன். எந்த இளவரசன் வெல்வான் என்பது முதல் வாரமே தெரிந்துவிடும், எப்படி என்பதற்காகத்தான் வியாழக்கிழமைக்குக் காத்திருப்போம். அந்தச் சுகத்தை நான் பழிக்கவில்லை. ஆனால் அங்கே சொல்கிறவன் ஒருவன்தான். ராஜாவின் வீரத்தை ராஜாவின் ஆட்களே சொல்வார்கள். தேரோட்டியின் பக்கத்துக் கதையை யாரும் கேட்பதில்லை.

தெல் பாஸோவின் இரட்டைப்படை அத்தியாயங்களில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பிரெஞ்சுச் சகோதரர்கள் இருவர் கடிதம் எழுதிக்கொள்கிறார்கள்: ஒருவன் மெக்சிகோவில் படையதிகாரி, இன்னொருவன் பாரிஸிலிருந்து அந்தப் போரையே ஏசுகிறவன். இருவருமே புத்திசாலிகள், அதுதான் தொந்தரவு. யார் பக்கம் சாய்வது என்று முடிவெடுப்பதற்குள் வேறொரு குரல் வந்துவிடுகிறது.

அண்ணாச்சி கேட்டதற்குப் பதில்: போர் நிறைய வருகிறது. வீரம்தான் குறைவு.

ஜூன் 12, வியாழன்

1864இல் இதே தேதியில்தான் மாக்ஸிமிலியனும் கார்லோட்டாவும் மெக்சிகோ நகருக்குள் ஊர்வலமாக நுழைந்தார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பு வெராக்ரூஸ் துறைமுகத்தில் இறங்கியபோது தெருவில் ஆளே இல்லை. தலைநகரில் முதல் இரவு அரண்மனைக் கட்டிலில் மூட்டைப்பூச்சி பிடுங்க, பேரரசர் பில்லியர்ட்ஸ் மேசை மேல் படுத்தார் என்பது அங்கே எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் கதை. கப்பலில் வரும்போது அவன் என்ன செய்துகொண்டிருந்தான் தெரியுமா? அரசவை ஒழுங்குமுறை நூல் எழுதிக்கொண்டிருந்தான். யார் எங்கே நிற்பது, யாருக்கு எத்தனை அடி எதிரே வருவது என்றெல்லாம்.

அவனை வெறும் கோமாளியாக்கிவிட்டால் நாவல் சுலபமாக முடிந்திருக்கும். கோமாளித்தனத்துக்குக் குறைவில்லை. மெக்சிகோக் குதிரைவீரர்களின் சாரோ உடையும் அகலத் தொப்பியுமாகக் குதிரையேறினான். 1864 செப்டம்பரில் சுதந்திர தினத்துக்குத் தொலோரஸ் ஊருக்கே போனான். 1810இல் ஹிதால்கோ பாதிரியார் ஸ்பெயினுக்கு எதிராக மணியடித்து மக்களை எழுப்பிய அதே ஊர். ஸ்பானியத் தளபதி கோர்த்தெஸ் மெக்சிகோவைப் பிடித்தபோது ஸ்பெயினை ஆண்ட ஐந்தாம் சார்லஸ், ஆஸ்திரிய அரச பரம்பரையான ஹாப்ஸ்பர்க் குடும்பம். ஸ்பெயினுக்கு எதிராக எழுந்த நாளை முழங்கிக் கொண்டாடிய இவனும் ஹாப்ஸ்பர்க் குடும்பம்!

ஆனால் அவனுடைய சட்டங்களைப் பார்க்கும்போது சிரிப்பு பாதியில் நிற்கிறது. கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் கட்டுண்டு கிடந்த கூலிகளுக்காக 1865 நவம்பர் 1 அன்று ஒரு சட்டம்: வேலை நேரத்துக்கு வரம்பு, கடனுக்கு வரம்பு. ஆணைகள் ஸ்பானிய மொழியோடு பழங்குடிகளின் நாவாட்டில் மொழியிலும் அச்சிடப்பட்டன. பறிமுதலான சொத்துகளைத் திருச்சபைக்குத் திருப்பித் தர மறுத்தான். அவனை வரவழைத்த பழைமைவாதிகள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். ஹுவாரெஸை விரட்ட ஆள் கேட்டால், ஹுவாரெஸின் கொள்கையோடேயே ஒரு மஞ்சள் தலைமுடிக்காரன் வந்து இறங்கிவிட்டான்.

அதே 1865இல், அந்தக் கூலிச் சட்டத்துக்கு ஒரு மாதம்கூட முன்னால் இல்லை, அக்டோபர் 3 அன்று, ஆயுதத்தோடு பிடிபடும் குடியரசுப் படையினரை 24 மணி நேரத்துக்குள் சுட்டுவிட வேண்டும் என்ற கறுப்பு ஆணையிலும் அவன்தான் கையெழுத்துப் போட்டான். இரண்டு கையெழுத்தும் ஒரே கையுடையவை. இதில் எது உண்மையான மாக்ஸிமிலியன் என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

ஜூன் 13, வெள்ளி

மின்சாரம் இல்லை. நான்கு பக்கம்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று முழுக்க ஹுவாரெஸ்.

ஒஹாக்கா மலைப்பகுதியில் குவெலத்தாவோ கிராமத்தில் 1806இல் பிறந்த சப்போத்தெக் பழங்குடி. மூன்று வயதில் பெற்றோரை இழந்தவர். பன்னிரண்டு வயதில் நகரத்துக்கு வரும்வரை ஸ்பானியம் சரிவரப் பேசத் தெரியாது. பிறகு வக்கீல், நீதிபதி, ஆளுநர், ஜனாதிபதி. எந்தப் படத்தைப் பார்த்தாலும் அதே கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை. பிரெஞ்சுப் படை துரத்தத் துரத்த, அரசாங்கத்தையே ஒரு கறுப்பு வண்டியில் ஏற்றிக்கொண்டு வடக்கு எல்லைவரை போனவர்.

நாவலில் அவர் தன் செயலாளரிடம் மாக்ஸிமிலியன் எப்படி இருப்பான் என்று விசாரிக்கும் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. முடி என்ன நிறம், கண் என்ன நிறம் என்று கேட்கிறார். கேள்விகள் சாதாரணமானவை. ஆனால் கேட்பவர் வாழ்நாள் முழுக்கத் தன் நிறத்தைப் பற்றிப் பிறர் முணுமுணுக்கக் கேட்டவர் என்பது ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் நிற்கிறது. செயலாளருக்கும் அது தெரியும், மனிதர் நெளிகிறார்.

ஐரோப்பாவின் பழம்பெரும் குடும்பத்துப் பிள்ளை மெக்சிகோக் குதிரைவீரனின் உடையில். அந்த மண்ணின் பூர்வகுடி மகன் ஐரோப்பிய வக்கீலின் கோட்டில். அவனுக்கு உடை ஆசை. இவருக்கு உடை தேவை. கோட்டைக் கழற்றினால் இவரைக் கூலியாள் என்று நினைப்பவர்கள் அவருடைய ஊரிலேயே இருந்தார்கள்.

கோட்டுக்கு ஒரு விலையும் இருந்தது. சட்டத்தின் முன் எல்லோரும் தனிமனிதர்கள், நிலம் தனிமனிதர்களுக்கே என்பது ஹுவாரெஸின் கட்சியான தாராளவாதிகளின் நம்பிக்கை. 1856இல் அவர்கள் கொண்டுவந்த லெர்தோ சட்டம் திருச்சபையின் நிலத்தை மட்டும் உடைக்கவில்லை, பழங்குடிக் கிராமங்களின் பொதுநிலத்தையும் உடைத்தது. அந்தக் கிராமங்களுக்கு நிலத்தைத் திருப்பித் தர 1866இல் சட்டம் போட்டது அந்நியப் பேரரசன். நவீனம் யார் பக்கம், நியாயம் யார் பக்கம் என்று கோடு போட்டால் கோடு வளைகிறது. இருந்தும் நான் ஹுவாரெஸ் பக்கம்தான். அவரை யாரும் கப்பலேற்றி அனுப்பி வைக்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

ஒரு சின்ன விலகல். மாக்ஸிமிலியனையும் கார்லோட்டாவையும் மெக்சிகோவுக்கு ஏற்றிச் சென்ற கப்பலின் பெயர் நொவாரா. எங்கேயோ கேட்ட பெயராக உறுத்திக்கொண்டே இருந்தது. இன்று தேடிப் பிடித்தேன். 1857 முதல் 1859 வரை உலகைச் சுற்றி வந்த ஆஸ்திரிய ஆய்வுக் கப்பல் அதேதான். அந்தப் பயணத்துக்குப் பின்னால் இருந்தவன் அப்போது கடற்படைத் தலைவனாக இருந்த இதே மாக்ஸிமிலியன். 1858 தொடக்கத்தில் அது இலங்கையின் காலிக்கு வந்து, பிறகு சென்னைக்கும் வந்தது. அப்போது சென்னையில் செயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தள்ளி நிற்கும்; மசூலாப் படகில் அலையோடு மல்லுக்கட்டித்தான் கரையேற வேண்டும்.

ஆறு ஆண்டு கழித்து அதே தளத்தில் உட்கார்ந்து ஒழுங்குமுறை நூல் எழுதினான். 1867இல் அவன் உடலைத் திரும்பக் கொண்டுபோனதும் நொவாராதான். அண்ணாச்சிக்குப் போன் செய்து சொன்னேன். "நம்ம ஊருக்கு வந்த கப்பலா? அப்படியென்றால் நானும் படிக்கிறேன்" என்றார்.

ஜூன் 19, வியாழன்

திட்டமிட்டுத்தான் இந்தப் பகுதியை இன்றைக்கு வைத்திருந்தேன்.

மாக்ஸிமிலியனைச் சுட்டது இதே தேதியில். நடந்தது இதுதான்: 1867, கேரெத்தாரோ நகரம், மணிக்குன்று, காலை. பேரரசனோடு மிராமோன், மெஹியா என்ற இரு தளபதிகள். நடு இடத்தை மாக்ஸிமிலியன் மிராமோனுக்கு விட்டுக்கொடுத்தான். சுடும் சிப்பாய்களுக்குத் தங்க நாணயம் கொடுத்தான். தைலமிட்டபோது பொருத்த நீலக் கண்ணாடிக் கண் ஊரில் கிடைக்காமல், ஒரு புனிதையின் சிலையிலிருந்து கறுப்புக் கண்ணை எடுத்து வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு.

தெல் பாஸோ இதை நேராகச் சொல்லவில்லை. ஒரு பேரரசரைச் சுட்டுக் கொல்வதற்கான சடங்குமுறை என்று, அவன் எழுதிய ஒழுங்குமுறை நூலின் நடையிலேயே ஒரு நூல் எழுதிக் காட்டுகிறார். யார் எங்கே நிற்பது, எப்போது என்ன செய்வது என்று அதே விறைப்பு. கேலி என்று நினைத்துத்தான் தொடங்கினேன். போகப் போக அது அவனுக்குச் செய்யும் கடைசி மரியாதையாக மாறிவிட்டது. வாழ்நாள் முழுக்கச் சடங்கை நேசித்தவனுக்குச் சடங்கோடு ஒரு சாவு; வரலாறு தராததை நாவல் தருகிறது.

இன்னொரு துணிச்சலும் உண்டு. கதையை நிறுத்திவிட்டு ஆசிரியரே முன்னால் வந்து, வரலாற்றுக்கு உண்மையாக இருப்பதா, கற்பனைக்கு உண்மையாக இருப்பதா என்று நம்மோடு வாதிடுகிறார். மற்ற நாவல்களில் இப்படிச் செய்தால் எரிச்சல் வரும். இங்கே வரவில்லை, இத்தனை பொய்சாட்சிகளைக் கேட்ட பிறகு நீதிபதி வாய் திறக்கட்டும் என்றிருந்தது. (பிரெஞ்சு ஓவியர் மனே இந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப வரைந்தார். அவருடைய பெரிய ஓவியத்தில் சுடுகிறவர்களின் சீருடை பிரெஞ்சுச் சீருடை போலவே இருக்கும். ஒரே தூரிகையில் குற்றப்பத்திரிகை.)

ஜூன் 22, ஞாயிறு

முடித்துவிட்டேன். கார்லோட்டாவின் நடு அத்தியாயங்கள் சிலவற்றில் நூறு பக்கமாவது வெட்டியிருக்கலாம். ஒரே புலம்பலை வேறு நகை, வேறு உடை போட்டுத் திரும்பக் கூட்டி வருகிறார். கடைசி அத்தியாயத்தில் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன், அது வேறு.

படித்த பிறகும் விடாத இரண்டு விஷயங்கள். கார்லோட்டா ஊரைவிட்டுப் போனபோது அவளைக் கிண்டல் செய்து நாடெங்கும் பாடிய பாட்டை எழுதியவர் குடியரசுப் படைத் தளபதி விசெந்தே ரிவா பலாசியோ. அவருடைய தந்தை மரியானோ, மாக்ஸிமிலியனின் உயிருக்காக வாதாடிய வக்கீல்களில் ஒருவர். மகன் பின்னாளில் பழைய மதவிசாரணை மன்றத்தின் ஆவணங்களை வைத்து வரலாற்று நாவல்கள் எழுதினார். மெக்சிகோவில் வரலாற்று நாவல் எப்படிப்பட்ட வீடுகளில் வளர்ந்தது என்பதற்கு இந்த ஒரு வீடு போதும்.

இன்னொன்று தோமாஸ் மெஹியா. எனக்கு அவர் இந்த நாவலில் போதவில்லை. ஒத்தோமி பழங்குடி, தீவிரக் கத்தோலிக்கர், கடைசிவரை பேரரசன் பக்கம். அன்று குன்றில் நின்ற மூவரில் அந்த மண்ணின் பூர்வகுடி அவர் ஒருவர்தான். மூவருக்கும் மன்னிப்பு மறுத்த ஜனாதிபதியும் பூர்வகுடி. இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்து ஓர் அத்தியாயம் எழுதியிருக்கக் கூடாதா என்று ஏங்குகிறேன். மெக்சிகோ நகரத்தில் சான் பெர்னான்டோ கல்லறைத் தோட்டம் அதைச் செய்திருக்கிறது: மெஹியா அங்கேதான் இருக்கிறார், 1872இல் இறந்த ஹுவாரெஸும் அங்கேயேதான். மிராமோனும் முதலில் அங்கே இருந்தார். ஹுவாரெஸ் இருக்கும் இடத்தில் என் கணவர் இருக்கக் கூடாது என்று அவருடைய மனைவி தோண்டியெடுத்துப் புவெப்லா பேராலயத்துக்குக் கொண்டுபோய்விட்டார்.