சக்கையில் முழித்த கதை

இடது கால் பெருவிரல் இன்னும் மட்டிப்பழம் மாதிரி வீங்கிக் கிடக்கிறது. ஆபீசில் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். "விசு" என்றேன். மதுரைக்காரர் மட்டும், "அது என்ன சார், புது வண்டியா?" என்றார். வண்டி இல்லை, மலையாளத்துச் சித்திரைப் பண்டிகை.

எல்லாருக்கும் சித்திரை ஒண்ணு 14-ம் தேதியே முடிந்துவிட்டது. லீவு, பாயசம், மத்தியானத் தூக்கம். ஆனால் அம்மை மலையாளக் கலண்டரைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, இந்த வருசம் சூரியன் ராசி மாறுகிற சங்கிரமம் விடிந்த பிறகுதான் வருது, அதனால் கணி, அதாவது எழும்பினதும் கண்ணைப் பொத்திக்கொண்டு போய் மங்கலப் பொருட்களில் முழிப்பது, மறுநாள் வெள்ளனேதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். 1956 நவம்பர் 1-ல் எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எங்கள் வீட்டுப் பூஜையறை இன்னும் சேரவில்லை.

கணிவெள்ளரி, காம்போடு மாங்காய், ஒரு சீப்பு மட்டி எல்லாம் வடசேரி சந்தையில் கிடைத்தன. மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததை எனக்கு முழுசாக விளக்கிவிட்டுத்தான் கடைக்காரர் விலையைச் சொன்னார். கொன்றைப்பூதான் பாடு. எங்கள் தெரு மரம் பங்குனியிலேயே பூத்துத் தள்ளிவிட்டு, சித்திரைக்கு மொட்டையாக நின்றது. தோவாளைப் பூச்சந்தை வரை ஸ்கூட்டரில் போய் ஒரு கொத்து வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்தபோது கொத்தில் பாதியும், என் சட்டைப் பையில் மீதியும் இருந்தது.

செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மை, "சில்லறை இருக்கா மக்களே?" என்றாள். இருந்தது. பதினொரு பத்து ரூபாய் நாணயம். ஊர் சுற்றும் அத்தனை பத்து ரூபாய் நாணயமும் கடைசியில் என்னிடம்தான் வந்து சேரும். எல்லா வடிவமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே சொல்லியாகிவிட்டது. எங்கள் முக்குக் கடைக்கு மட்டும் அந்தத் தகவல் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. தொலைந்தது சனி என்று மொத்தத்தையும் அம்மை கையில் கொட்டினேன்.

இனி சக்கை, எங்கள் ஊர்ப் பேச்சில் பலாப்பழம். குலசேகரத்திலிருந்து மைனி ஒன்று கொடுத்துவிட்டிருந்தாள். ஆட்டோவிலிருந்து இறக்க ரெண்டு பேர். சுளை கெட்டியாக இருக்கிற வருக்கை என்று நினைத்திருந்தால் அது உங்கள் தப்பு. நல்ல வருக்கையை யாரும் சும்மா தரமாட்டார்கள். இது கூழன், பழுத்தால் சுளை கூழாகிவிடும். எங்கள் வீட்டில் மாசியில் இடிச்சக்கைத் துவரன், பங்குனியில் சக்கை அவியல், இடைக்கிடையே சக்கைக்குருவும் மாங்காயும் போட்ட குழம்பு என்று மூன்று மாதமாக ஒரே கட்சி ஆட்சி. தமிழ்நாட்டுக்கு மாநிலப் பழம் பலா. கேரளாவும் 2018-ல் அதையே அறிவித்தது. ரெண்டு பக்கத்து அரசாங்கமும் சேர்ந்து வளைத்தால் நடுவில் இருக்கிற நாங்கள் எங்கே போவது?

"இனி ஒரு சக்கை இந்த நடையைத் தாண்டினா நான் எங்க வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள் வீட்டுக்காரி. அவள் வீட்டில் நாலு பிலாமரம் நிற்கிறது. அதனால் அங்கேயும் போக முடியாது. கணிக்கு இடத்தை அடைக்கும் என்று அதைப் பூஜையறையிலிருந்து உருட்டி, இடைவழியில் விட்டிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை.

அன்று ராத்திரி கரண்ட் போயிற்று. புழுக்கத்தில் எல்லாரும் திண்ணையில். மகள் கதை கேட்டாள். அம்மைக்கு ஒரே கதைதான், கள்ளியங்காட்டு நீலி என்கிற பேயின் கதை. வெள்ளைச் சேலை, அவிழ்ந்த முடி, ஒத்தையில் போகிறவனிடம் "கொஞ்சம் சுண்ணாம்பு தாருமே" என்கிற குரல். விடிந்து பார்த்தால் பனைமூட்டில் நகமும் முடியும் மட்டும் கிடக்கும்.

"சுண்ணாம்பு கேட்டாளே ஆச்சி, வெத்தலை அவட்ட இருந்ததா?" என்றாள் மகள்.

அம்மை ரொம்ப நேரம் யோசித்தாள். எழுபது வருசத்தில் யாரும் கேட்காத கேள்வி. "படுங்கோ, வெள்ளனே எழும்பணும்" என்று கதையை முடித்துவிட்டாள்.

நீலி அதோடு முடியவில்லை. காலையில் நாலு மணி, கரண்ட் இன்னும் வரவில்லை. கும்மிருட்டில் குளிர்ந்த கை ஒன்று என் ரெண்டு கண்ணையும் பொத்தியது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் எழும்பிவிட்டது. "லேய், நான்தாம்டே! கண்ணத் தொறக்காத, நட" என்றாள் அம்மை. நடந்தேன். நாலாவது எட்டில் பெருவிரல் போய் எதிலோ இடித்தது. அப்படியே அதன் மேல் விழுந்தேன். பழுத்த கூழன், பொத்தென்று பிளந்தது.

கண்ணைத் திறந்துவிட்டேன். மகள் போன் வெளிச்சத்தை அடித்தாள். கொன்றைப்பூ இல்லை, உருளி இல்லை, குருவாயூரப்பன் இல்லை. மஞ்சளாக, கூழாகச் சக்கை.

"தொறந்தியாடே?"

"இல்லம்மா."

கையிலும் கன்னத்திலும் சக்கைப்பாலை வைத்துக்கொண்டு சொன்ன பொய். கணிக்கு முன்னால் நின்றபோது, உருளியில் சாத்தியிருந்த கண்ணாடியில் நெற்றியில் ஒரு சுளை ஒட்டியிருந்தது தெரிந்தது. அம்மை பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. தேங்காயெண்ணெயை எடுத்துவந்து, எட்டு வயசில் துடைத்துவிட்ட மாதிரியே துடைத்தாள்.

பிறகு கைநீட்டம், விசுவுக்குப் பெரியவர்கள் கையில் தருகிற காசு. மகளுக்கு ஐந்நூறு ரூபாய் நோட்டு. வீட்டுக்காரிக்கும் நோட்டு. எனக்குப் பத்து ரூபாய் நாணயம். முந்தின நாள் நான் கொட்டியதில் ஒன்று.

சாயங்காலம் நொண்டிக்கொண்டே நுங்கு வாங்கப் போனேன். நுங்குக்காரர் நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது போவாதுண்ணே" என்று என் கையிலேயே வைத்தார். வீட்டுக்கு வந்ததும் கத்தினேன்.

"போவாதுன்னு தெரிஞ்சிதான் தந்தேன்" என்றாள் அம்மை. "நோட்டுத் தந்தா நீ அன்னைக்கே செலவாக்கிருவ. உங்கப்பா வருசாவருசம் தந்தாவளே, அதுல ஒண்ணாவது வச்சிருக்கியா?"

இல்லை. ஒன்றுகூட இல்லை.

சக்கை பாதி மிச்சமிருக்கிறது. யாருக்காவது வேணுமா?