கேபிளைப் பிடுங்கியதும்

கேபிளைப் பிடுங்கி, திரையை அணைத்து, போனை மேசைமேல் வைத்தேன். இரண்டு மணி நேரம் தொடவே இல்லை.

எடுத்துத் திரையைத் தட்டியதும், நான் எழுதும் ஆப்பில் தேங்கிக் கிடந்த ஏழு செய்திகளும் ஒன்றாகக் கொட்டின.

மூன்று நாளாகத் தேடிய பிழை! லாக், அதாவது ஆப்பின் செயல்பாட்டுப் பதிவு, பார்க்கவென்று கேபிளைச் செருகியே வைத்திருந்தேன். சார்ஜ் ஏறும் போன் டோஸ் என்ற பேட்டரி சேமிப்புத் தூக்க நிலைக்குப் போகாது. என் மேசையில் எல்லாம் சரியாகத்தான் ஓடியது.

2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 முதலே இப்படித்தான். போன் அசையாமல் கிடந்தால் ஆப்பின் நெட்வொர்க்கை சிஸ்டம் நிறுத்திவிடும், இடையிடையே கொஞ்ச நேரம் மட்டும் திறந்துவிடும்.

தனியாக இருக்கும் முதியவர்கள் உதவி கேட்டு அழுத்தும் ஆப் இது. அந்தச் செய்தி காத்திருக்கலாமா?

அதை மட்டும் டோஸிலும் போனை எழுப்பும் உயர் முன்னுரிமை புஷ் அறிவிப்பாக மாற்றிவிட்டேன். இப்போது கேபிள் இல்லாமல் மறுபடி சோதனை. போன் மேசைமேல் கிடக்கிறது, நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.